உன் கைகளை மோந்து பார்த்தவர்கள்

வளப்பூர் பஸ் நிறுத்தத்தில் உன் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘எங்கள் குலவிளக்கே, கண்ணீர் அஞ்சலி.’ அதிலேயே கீழே கைகூப்பி நிற்கிறான் உன் கொழுந்தன். மஞ்சள் காமாலையில் நீ போய் இன்னும் காரியம்கூட முடியவில்லை.

எல்லாம் தொடங்கிய அன்று பக்கத்துத் தோட்டத்தில் நான் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். உன் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாய். “வாந்தி நிக்கலைக்கா, கண்ணு செருகுது.” மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகக் கிடைத்த லாரியில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் உன் மடியிலேயே அவள் மூச்சு அடங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது உன் வாசலில் ஊரே நின்றது. “புருசன் செத்ததுல இருந்து இவளுக்கு வேற கல்யாண ஆசைங்க. புள்ள இடைஞ்சல்னு மருந்து வெச்சுட்டா” என்றான் கொழுந்தன். பெண்கள் உன் கைகளைப் பிடித்திழுத்து, பூச்சிமருந்து வாடை அடிக்கிறதா என்று மாற்றி மாற்றி மோந்தார்கள். “அடிக்குதுங்க” என்றாள் ஒருத்தி. “காலைல எம்புள்ளைக்குத் தேய்ச்ச தேங்கெண்ணெதான் அடிக்கும்” என்று கத்தினாய். யார் கேட்டார்கள்? போலீஸ் ஜீப் வந்தது. பாப்பாவைப் புதைத்தபோது நீ ஸ்டேஷனில் இருந்தாய்.

பிறகு ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிவைச் சொல்லிவிட்டார்கள், பூச்சிமருந்து இல்லை, பச்சை மரவள்ளிக் கிழங்குதான் என்று. ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பக் கொழுந்தன் தன் வாசலில் குவித்திருந்த, பச்சையாகத் தின்றால் விஷமாகும் கசப்புக் கிழங்கு. விளையாடப் போன குழந்தை கடித்துப் போட்டிருந்த துண்டை அன்றைக்கே அவன் எடுத்துத் தூர வீசினானாம். அவன் பெண்டாட்டியே என்னிடம் சொன்னாள். தெரிந்துகொண்டேதான் உன்னைக் கொலைகாரி என்றிருக்கிறான். உன்னை விட்டுவிட்டார்கள். ஆனால் ஊரில் ஒருவர்கூட உன் வாசலை மிதிக்கவில்லை. குழாயடியில் உன்னைக் கண்டால் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

நேற்று கொழுந்தன் என் ஊட்டுக்கு வந்தான். “காரியத்துக்கு வந்துருங்கக்கா. பழசையெல்லாம் மறந்துருவோமுங்க.”

“அந்த ஃப்ளெக்ஸை நீ அவுக்கறயா, நான் அறுக்கட்டுமா?” என்றேன்.

எழுந்து போய்விட்டான். அரிவாளோடு போய் நானே அறுத்தேன். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். உன் கையை மோந்த மூக்குகள்தான் அவை. எனக்குத் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பினேன்.

நீ படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் கேட்டேன், “அவங்களையெல்லாம் மன்னிச்சுட்டயா கண்ணு?” என்று.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாய்: “யாருக்கா எங்கிட்டக் கேட்டாங்க, நான் குடுக்கறதுக்கு?”

அது ஒன்றுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. இன்றுவரை யாரும் கேட்கவில்லை. உன் பேரால் நானும் கொடுக்கப் போவதில்லை.