பதினைந்து சண்டை ஜெயித்தவன்

ராயபுரம், சென்னை
9-4-1995

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணன் எழுதுவது. நீயும் அத்தானும் குட்டி கோமுவும் நலம்தானே? மதுரை குத்துச்சண்டையில் தோற்றுவிட்டேன். நடுவர் சரியில்லை என்று அத்தான் சொல்லியிருப்பார். நடுவர் நல்லவர். இரண்டாவது ரவுண்டிலேயே சண்டையை நிறுத்தி என்னைக் காப்பாற்றினார்.

அதற்கு முன் நான் போட்டது மூன்றே சண்டை. அத்தான் போஸ்டரில் பதினைந்து சண்டை, பதினைந்திலும் வெற்றி என்று அடித்துவிட்டார். அதைப் பார்த்துப் பயந்த எதிர்த்தரப்பு, எட்டு வருடமாக ரிங்கில் ஏறுகிற ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது. முடிந்ததும் அந்த ஆளே என்னிடம் வந்து, "நெசமாவே பதினைஞ்சா தம்பி?" என்று கேட்டார். மைக்செட் கடைக்காரரான அத்தானுக்குச் சத்தம் பெரிதாக இருந்தால் போதும்.

ஒரு வருடமாவது என் தரத்து ஆட்களோடு மோதவேண்டும் என்கிறார் எனக்குப் பயிற்சி தரும் தாஜ் முகம்மது மாஸ்டர். அத்தானோ அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் ஒரு சண்டை பேசி முடித்துவிட்டார். அந்த ஆள் என்னைவிட ஏழு கிலோ கூட. எனக்கு இடது கண்ணில் இன்னும் கரும்புள்ளிகள் பறக்கின்றன. அத்தானை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. நீ எடுத்துச் சொல்.

தம்பி,
கண்ணன்

தச்சநல்லூர்
18-4-1995

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்து அழுதேன். டாக்டரிடம் போனாயா இல்லையா, அதை எழுத உனக்கு இடமில்லையா?

உன் அத்தானுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "ஏட்டி, சின்ன ஆளோட மோதுனா எவன் டிக்கெட் வாங்குவான்? ஒந் தம்பிக்கு நாந்தான பேரு வாங்கிக் குடுக்கேன்" என்றார். கண்ணைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் சரியாயிரும்" என்று கை கழுவப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. உன் போட்டோவைக் கடையில் மாட்டி, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். உன்மேல் அவ்வளவு பெருமை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வைகாசியில் கோமுவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் உன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். "பாளையங்கோட்டைல அவன் ஏறலன்னா, ஒங்க சித்தி மவன் இசக்கி மடியில வச்சுக் குத்திக்கிடுதேன்" என்கிறார். சொன்னால் செய்கிற மனுஷன். இந்த ஒரு சண்டையை மட்டும் போட்டுவிடு. பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
இசக்கிச்செல்வி

ராயபுரம்
3-5-1995

அக்காவுக்கு,

வரமாட்டேன். பாளையங்கோட்டைச் சண்டையை நடத்தும் கமிட்டிக்காரர்களுக்கு நானே போன் போட்டு, நாலு சண்டை, ஒன்றில் தோல்வி என்று உள்ளதைச் சொன்னேன். என் பெயரை எடுத்துவிட்டார்கள். அத்தானுக்கும் கடைக்குப் போன் செய்தேன். "இனி நீ எனக்கு மச்சினனே இல்லலே" என்று வைத்துவிட்டார்.

டாக்டரிடம் போனேன். கண்ணுக்குள் திரை கிழிந்திருக்கிறதாம். அது ஆறும்வரை ரிங் பக்கம் போகக்கூடாது. இன்னொரு அடி விழுந்தால் அந்தக் கண் போய்விடும். ஆறியபின் என் தரத்து ஆளாக மாஸ்டர் பார்ப்பார். அதற்குப் போஸ்டர் எதுவும் கிடையாது.

'இந்த ஒரு சண்டையை மட்டும்' என்று நீ எழுதியது வலித்தது. அத்தான் எழுதியிருந்தால் வலித்திருக்காது. மடி விஷயம் உங்கள் இஷ்டம். கோமுவுக்குத் தோடு வாங்கியிருக்கிறேன். தபாலில் வரும்.

கண்ணன்

தச்சநல்லூர்
12-6-1995

என் தம்பி கண்ணனுக்கு,

தோடு வந்து சேர்ந்தது. நீ கோபப்பட்டது நியாயம்.

கோயிலில் எல்லோரும் கூடியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். இசக்கியும் பட்டு வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை. "கண்ணன் இருக்கையில இன்னொருத்தன் மடி எதுக்கு?" என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் அப்படிப் பேசியதே இல்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம். இசக்கிதான் பாவம்.

உன் அத்தானுக்கு அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. போட்டதைச் சாப்பிடுகிறார். நேற்று மட்டும், இன்னும் பேச்சு வராத கோமுவிடம், "ஒம் மாமன் எப்ப வாரானாம்?" என்று எனக்குக் கேட்கும்படி கேட்டார்.

கேட்டாரே என்று உடனே ரயிலேறிவிடாதே. வந்து இறங்குவதற்குள் உன்னோடு மோத எவனையாவது பேசி முடித்திருப்பார். டாக்டர் சரியென்று சொன்னபிறகு வா. அதுவரை இவள் காது குத்தாமலே இருக்கட்டும்.

அக்கா,
இசக்கிச்செல்வி