முதல் தொட்டியின் புரட்டாசி

காரமடை
புதன்கிழமை

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் கிரேஃபிஷ் இறால்களும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். உன்னோடு பேசமாட்டாளாம், நீ பேசுவதை மட்டும் கேட்பாளாம். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளையை நீ வேண்டாம் என்றதிலிருந்து இதுதான் இங்கே நடைமுறை. அதனால்தான் கூரியர்.

புவனேஸ்வர் பயிற்சிக்குக் கிளம்பும்போது நீ படித்துப் படித்துச் சொன்னாய். முதல் தொட்டிக்குக் கருவாட்டுத்தூள் கலந்த தீனி, இரண்டாவதுக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும். எது வேகமாக வளர்கிறது, எதன் சதை கெட்டியாக இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சியே, மாற்றிப் போட்டுவிடாதீர்கள் என்றாய். நான் மாற்றிப் போடவில்லை கண்ணு. போடவே இல்லை. அந்த வேலையை அம்மாவிடம் தள்ளிவிட்டு, தொட்டியருகே நின்று போட்டோ பிடித்து உனக்கு அனுப்பும் கடினமான பொறுப்பை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்தது. வழக்கம்போல நம் வீட்டுக் கறிச்சட்டி பரணுக்கு ஏறியது. கூடவே உன் கருவாட்டுத் தீனி மூட்டையும் தோட்டத்தை விட்டே போய்விட்டது. தெருக்கோடி ரைஹான் பாயின் வாத்துகள் இப்போது பளபளவென்று இருக்கின்றன. உன் இரண்டு தொட்டிக்கும் புண்ணாக்குதான்.

எனக்கே போன ஞாயிறுதான் தெரியும். முதல் தொட்டியில், ஓடு உரித்து மெத்தென்று கிடந்த பெரிய ஒன்றை மற்றவை சுற்றி நின்று தின்றுகொண்டிருந்தன. கொடுக்கு மட்டும்தான் மிச்சம். பதறிப்போய் அம்மாவிடம் தீனியைப் பற்றிக் கேட்டேன்.

"நாமெல்லாம் சுத்தமா இருக்கறமல்லங்க. அதுகளும் ஒரு மாசம் இருக்கட்டும்," என்றாள்.

சைவத்துக்கு மாற்றியதால்தான் அவை ஒன்றையொன்று தின்கின்றன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளோ ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தால் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

அடுத்த சனிக்கிழமை உன் ஆராய்ச்சி வழிகாட்டி லட்சுமிநாராயணன் சார் எடை போட வருகிறார். இரண்டு தொட்டியும் ஒரே சாப்பாடு என்றால் எதை எதோடு ஒப்பிடுவார்? உன் பட்டம் இந்த வருடம் என்னாகும்? இரண்டாம் தொட்டியின் பெரியவற்றை முதல் தொட்டிக்கு மாற்றிவிட்டால் சாருக்குத் தெரியவா போகிறது என்று ஒரு யோசனையும் வந்தது. கையை விட்டேன். ஒன்று கொடுக்கால் ஒரு போடு போட்டது. கட்டைவிரலில் கட்டோடுதான் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். உன் பிராணிகளுக்கு என்னைவிட நேர்மை அதிகம்.

கட்டைப் பார்த்து விசாரித்த பக்கத்துத் தோட்டத்து வெங்கடம்மாளிடம் புலம்பினேன். அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புள்ளையோட ஆராய்ச்சி நல்லபடியா முடியோணும்னுதானுங்க உங்க ஊட்டுக்காரம்மா புவனா, ரங்கநாதருக்கு ஒருசந்தி விரதம் இருக்கறா. தோட்டத்துக்குள்ளயே கவிச்சி கூடாதுன்னு வேண்டியிருக்கறா. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

சொல்லவில்லை கண்ணு. சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வருகிறாள். கேட்டால், முழங்கால் வலி மாப்பிள்ளை வீட்டார் விட்ட சாபம் என்கிறாள்.

சாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. தவறு அப்பாவுடையது என்று சொல், அது பொய்யும் இல்லை. மறுபடி தொடங்க விடுவாரா என்று கேள். விட்டால், புரட்டாசி கழிந்ததும் இந்த முறை தீனி என் கையால்தான், கருவாட்டு நாற்றத்தோடு.

உன் அம்மாவுக்கு மட்டும் அது நோயாகவே இருக்கட்டும். ஊருக்கு வந்ததும் பையைக்கூட இறக்கிவைக்காமல் தொட்டிக்கு ஓடுவாய், தெரியும். இந்த ஒருமுறை முதலில் அடுப்படிக்குப் போ சாமி. பசிக்கிறது என்று சொல். அவளே பேசுவாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
தம்பிதுரை