உன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.

டீச்சர்,

இன்று காலையும் பள்ளிக் கணினியில் நம் ஐந்தாம் வகுப்பு வலைத்தளத்தைத் திறந்தேன். வழக்கம்போல ஓ.டி.பி. கேட்டது. உன் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறதாம். நீ போய்விட்டாய் என்று அந்த மடக் கணினிக்கு யார் சொல்வது?

எல்லாம் உன் வேலை. நம் பிள்ளைகளின் அம்மாக்கள் விடியுமுன் கம்பம் ஊரில் ஜீப் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டித்தான் திரும்புவார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே வர முடியாது. அவர்களுக்காக வலைத்தளம் தொடங்குவோம் என்றாய். நம் இருவருக்கும் அதில் ஒன்றும் தெரியாது. உன் போனில் வீடியோவை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திச் செய்தோம். முகப்பில் வகுப்புப் படத்தைப் போட்டால் பின்வரிசைத் தலைகளெல்லாம் வெட்டுப்பட்டன. "அடியாத்தி, தலையில்லாத பிள்ளைகளுக்கு என்னத்த நடத்த?" என்று சிரித்தாய்.

வீட்டுப்பாடத்தை நான் தட்டச்சு செய்யப் போனேன். நீ விடவில்லை. "ஜீப்புக் குலுக்கல்ல எங்குட்டு வாசிக்க? காதுல கேக்கட்டும்" என்று உன் குரலிலேயே பதிந்தாய். மலை இறங்கும்போது ஒருவர் போனில் போட, ஜீப்பே கேட்டதாம். இப்போது நான் பேசிப் பதிகிறேன். உன்னளவுக்கு வரவில்லை.

கணக்குத் தொடங்கிய அன்று என் எண்ணைத்தான் கொடுத்தோம். என் போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டது, ஓ.டி.பி. வரவேயில்லை. "ஒங்க போனு மலையாளத்துக்கு ஓடிருச்சு டீச்சர். என் நம்பரப் போடுங்க" என்றாய். போட்டேன். அன்று மாட்டியவள்தான்.

பள்ளிக் கணினி ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் உன் எண்ணுக்கு அழைக்கிறேன். உன் வீட்டுக்காரர் எடுத்து, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி வாசிக்கிறார். உன் சாவைத் தினம் ஒருமுறை அவர் வாயால் கேட்பதுபோல் இருக்கிறது. கூப்பிடாமல் இருக்கவும் வழியில்லை.

நேற்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தவறிப்போனவுக நம்பர்ல எப்படி டீச்சர் நடத்துறது? திங்கக்கிழமைக்குள்ள மாத்துங்க. இல்லேன்னா மூடிருங்க." அவர் சொல்வதிலும் தப்பில்லை. இன்று காலை எண்ணை மாற்றும் பக்கத்தைத் திறந்து, கடைசியாக ஒரு ஓ.டி.பி. என்று நினைத்துக்கொண்டு அழைத்தேன். விட்டது தொல்லை என்றுகூட நினைத்தேன். மணி ஒருமுறை அடிக்குமுன் உன் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்.

"வந்துருச்சு டீச்சர், சொல்லவா?"

"அண்ணே, நம்பர மாத்தச் சொல்றாக. இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

அவர் நின்ற திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"தொந்தரவா? தோட்டத்துக்கு வந்தாலும் அவ போன மடியிலயே வச்சிருக்கேன் டீச்சர். நீங்க ஒருத்தவுகதான் இதுல கூப்புடுறீக. நாளைக்குக் கூப்பிட மாட்டீகளா?"

திரையில் என் எண்ணை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேன்; என் போனுக்கு இப்போது நம் ஊர் டவரே கிடைக்கிறது. மாற்றினால் அவருக்கு நான் இல்லை. மாற்றாவிட்டால் ஜீப்பில் வரும் அந்த அம்மாக்களுக்கு ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு பொறியில் என்னைத் தள்ளிவிட்டு நீ நிம்மதியாகப் போய்விட்டாய். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? மனசு உன்னை எவ்வளவு தேடுகிறது தெரியுமா?

எண்களை வாங்கிக்கொண்டேன். அடித்தேன். எண் மாறிவிட்டது.

"நாளைக்கும் கூப்பிடுறேன்ணே," என்றேன். "நீங்க எப்பவும்போல எடுங்க."

இனி வராத ஓ.டி.பி.யைக் கேட்டு நாளை எப்படி ஆரம்பிப்பது, டீச்சர்?