உட்கார்ந்தே எடுத்த அளவு

மார்ச் 3, திங்கள்

பிறந்தநாளுக்கு அத்தை நைட்டி தந்தாள். ஐந்தாவது. சக்கர நாற்காலியில் இருப்பவளுக்கு அதுதான் சீருடை போல. "உனக்கு வசதியா இருக்கும்டா கண்ணு." வசதி யாருக்கு என்று கேட்கவில்லை. பதினாறு வயதாகிவிட்டதே, மரியாதை தெரிய வேண்டாமா?

மார்ச் 5, புதன்

28ஆம் தேதி வகுப்போடு அறிவியல் அருங்காட்சியகம் போகிறோம். பஸ்ஸில் ஏற்றிவிடத் தோழிகள் இருக்கிறார்கள். டீச்சர் மட்டும், "அம்மாவையும் கூட்டிட்டு வா. பாத்ரூம் போகணும்னா யார் பாக்கறது?" என்றார். தோழிகள் பேசுவதையெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வருவாள். ஜோரான சுற்றுலா!

என் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. நாற்காலியிலிருந்து நானே மாறி உட்காருவேன். பேண்ட்டை இறக்கத்தான் யாராவது என்னைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆக, என் சுதந்திரம் இடுப்பு எலாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 8, சனி

உட்கார்ந்தே அவிழ்க்கிற மாதிரி ஒரு பேண்ட் தைக்க அம்மாவோடு கடைக்குப் போனேன். டெய்லர் அக்கா டேப்பும் கையுமாக, "கொஞ்சம் எழுந்து நில்லும்மா" என்றார். அம்மாவின் முகம் தொங்கிவிட்டது.

"நிக்க முடிஞ்சா ஓட்டப்பந்தயத்துக்கே போயிருப்பேன்க்கா."

கடைசியில் துணி வெட்டும் மேஜையில் படுக்கவைத்து அளந்தார். பக்கத்திலேயே கத்தரி. நல்லவேளை, மாற்றி வெட்டவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பேண்ட் வந்தது. நான் கேட்டபடி இரண்டு பக்கமும் தொடைவரை திறப்பு, பட்டன். படுத்தால் அம்சமாக இருக்கிறது. உட்கார்ந்தால் பின்னால் முதுகு தெரிகிறது, முன்னால் துணி திரண்டு வயிற்றில் ஒரு தலையணை. "மேல சால்வை போத்திக்கலாம்" என்கிறாள் அம்மா. மூடி மறைப்பதில் இந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அழுதேன். ஏன் — நல்லா போட்டுக்கணும்னு நான் ஆசைப்படக் கூடாதா?

மார்ச் 15, சனி

கடைக்கே போனேன். அக்கா மெஷினில் குனிந்திருந்தார். ஒரு கை துணியைத் தள்ளியது. இன்னொரு கை நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் போய்த் தன் டாப்ஸை இழுத்துவிட்டது.

"அக்கா, நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கீங்க? உங்க பேண்ட்டும் இறங்குதா?"

கை அப்படியே நின்றது. "இருபது வருஷமா இழுத்து விட்டுட்டிருக்கேன்டி."

"அப்புறம் நிக்கறவங்க அளவு உங்களுக்கு எதுக்கு?"

சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது. பிறகு கீழே மண்டியிட்டு, நாற்காலியில் வைத்தே என்னை அளந்தார். பின்னால் நாலு விரல் ஏற்றம், முன்னால் இறக்கம்.

மார்ச் 22, சனி

கச்சிதம்! அடர்பச்சை. அக்காவும் தனக்கு ஒன்று அதே மாதிரி தைத்துப் போட்டிருந்தார்.

மார்ச் 28, வெள்ளி

மதியத்துக்குள் அம்மாவிடமிருந்து ஐந்தாவது போன்.

"பாத்ரூம் போனியா?"

"போனேன்."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, வை" என்றாள்.

பஸ்ஸில் தோழிகள் பேசியதை இங்கே எழுதுவதாக இல்லை. அம்மா இதைப் படிப்பாள்.