காமாட்சி என்ற பெயரில் வந்தவர்

காஞ்சிபுரம்
வெள்ளிக்கிழமை

லோகேஸ்வரனுக்கு,

கைலாசம் எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நான் அழைத்தால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் பெங்களூருக்குக் கூரியரில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. இது கீர்த்தியைப் பற்றியது.

என் மகள் நம் பழைய நெசவாளர் சங்கத்தில்தான் டிசைன் பிரிவில் இருக்கிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. போன மாதம் சங்கத்தின் முகூர்த்தப் புடவை டிசைன்கள் மொத்தமும் வெளியூர் விசைத்தறிக்காரர் ஒருவரிடம் போய்விட்டன. அவற்றை எடுத்தது கீர்த்தியின் கணக்கு என்று நாம் வைத்த பழைய யூனிக்ஸ் கணினியின் பதிவு சொல்கிறது. ஆம், அது இன்னமும் ஓடுகிறது. போலீசார் அவளை இருமுறை விசாரித்தார்கள். திங்கட்கிழமை வரும்போது மாற்றுத்துணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கீர்த்தியின் அம்மா கமலாட்சி அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்கிறாள். கீர்த்தி, "நான் எடுக்கலப்பா" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

பதிவை நானும் பார்த்தேன். உள்ளே வந்தவர் காமாட்சி என்ற இயந்திரத்திலிருந்து வந்திருக்கிறார். சங்கத்துக் கணினிகளுக்கு நாம் சேர்ந்து சாமி பெயர் வைத்தோமே, காமாட்சி, ஏகாம்பரம், வரதர் என்று. அதில் காமாட்சி பழைய இரும்புக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது.

இதன் வேர் உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் கணினிகளுக்குப் பக்கத்துக் கணினி இருப்பதே தெரியாது. பிறகு அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸுக்குள்ளேயே வலைத்தொடர்பைச் சேர்த்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வுக்கூடத்து மனிதர்கள் அவர்கள். அதனால் நம்பிக்கைக்குரியது என்று ஓர் இயந்திரத்தின் பெயரை எழுதி வைத்தால் போதும். அது வந்து "என்னிடம் இருப்பவர் இன்னார்" என்று சொன்னால், அடுத்த இயந்திரம் கடவுச்சொல் கேட்காமல் திறந்துவிடும். இது நமக்கு ஆகாது என்று அன்றே சொன்னேன். நீ சிரித்தாய். "நம்ம தெருவுல எவன்டா கதவைத் தட்டிக்கினு நிக்கிறான்? நான்தான்னு குரல் குடுத்தா உள்ள வர்றோம். அது மாதிரிதான் இதுவும்" என்றாய். எல்லோரும் உன்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

காமாட்சி இயந்திரம் போனபோது நம்பிக்கைப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கச் சொல்லிச் சங்கச் செயலாளர் ராமராஜனிடம் போய் நின்றேன். "மிஷின் போனா போவுது சார். அம்மன் பேரை அழிக்கிற வேலையை என் கையால செய்ய மாட்டேன்பா, ஆளை வுடு" என்றார். பெயர் அப்படியே இருந்துவிட்டது. இன்று சங்கத்து வயரில் ஒரு மடிக்கணினியைச் செருகி, அதற்குக் காமாட்சி என்று பெயரிட்டு, வந்திருப்பது கீர்த்தி என்று எவன் சொன்னாலும் கதவு திறக்கும். அப்படித்தான் எவனோ திறந்திருக்கிறான்.

இதை இன்ஸ்பெக்டரிடம் எழுதியே கொடுத்தேன். "அப்போ அம்மனே வந்து எடுத்துக்கினு போச்சா சார்?" என்று கேட்டார். அறையில் இருந்த காவலர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் கொஞ்சம் தணிந்து, "நீங்க பொண்ணுக்கு அப்பா. நீங்க சொல்றது எடுபடாது. சிஸ்டம் போட்டவரு லோகேஸ்வரன்னுதான் எல்லாப் பேப்பர்லயும் இருக்குது, அவரு வந்து சொல்லட்டும்" என்றார்.

எல்லாப் பேப்பரிலும் உன் பெயர்தான் இருக்கிறது. பாதி வேலை என்னுடையது. அந்த வேலைக்காகச் சென்னையில் மேடையேறி மாலை வாங்கியபோது நீ என் பெயரைச் சொல்லவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் மன்னிப்பதாக எழுதப் போவதில்லை. ஆனால் அன்று நீ சொல்லாமல் விட்ட அந்த ஒரு பெயரால் இன்று என் பேச்சு செல்லாமல் போயிற்று.

நீ வந்தால் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "நான் வைத்த அமைப்பில் ஓட்டை இருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே இருந்தது" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இன்று நீ இருக்கும் பதவியில் அது லேசான காரியம் அல்ல. இருந்தும் கேட்கிறேன். உன்னிடம் எதையும் கேட்பதில்லை என்று இத்தனை வருடம் இருந்தவன் கேட்கிறேன்.

அவள் பிறந்தபோது கமலாட்சியும் நானும் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கீர்த்தி என்று சொல்லித் தீர்த்து வைத்தவன் நீ. இப்போது அவள் தன் பையில் இரண்டு சுடிதாரை மடித்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. எங்கள் கதவு இப்போதெல்லாம் பகலிலும் தாழிட்டே இருக்கிறது. தட்டாதே, கமலாட்சி பயந்துவிடுவாள். வெளியில் நின்று, நான்தான் என்று குரல் கொடு. திறக்கிறேன்.

கைலாசம்