தண்ணீர் வந்த அன்று குந்தவை ஆற்றுக்குள் இருந்தாள்

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் உன் மகள் குந்தவையும் சுகம். அந்த மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளை அரவிந்தனும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். குந்தவை சுகம் என்பதை இன்னொரு தடவையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே இருப்பதைப் படிக்கும்போது நீ நடுநடுவே மேலே வந்து இந்த வரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் வார்த்தையிலேயே நீ அழுவாய், நீ அழுவதைக் கேட்டு உன் அம்மா அழுவாள், நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டு சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவேன். நம் தெரு யூனுஸ் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், பருப்புப் பொடி, வடகத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது உனக்குத் தெரியும், புள்ளி கமா எல்லாம் நீயே போட்டுப் படித்துக்கொள்.

விஷயம் கோடை லீவில் ஆரம்பித்தது. டிவியில் ஒரு குடும்பப் படம் போட்டார்கள், மலையோரத்துப் பெண்குழந்தை ஒன்றும் ஒரு கரடியும் சிநேகமாகிற கதை. உன் மகள் கண் கொட்டாமல் படத்தைப் பார்த்தாள், நான் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், உன் அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். படம் முடிந்ததும் நம்ம ஊர்ல கரடி இருக்கா தாத்தா என்று கேட்டாள். கரடிக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை, வேண்டுமானால் ஆற்றுத் திட்டில் நரி இருக்கிறது என்று நான் வாய்க்கொழுப்பாகச் சொன்னேன். நம் படித்துறைக்கு நேரே ஆற்றுக்கு நடுவில் மணல் மேடிட்டு நாணலும் கருவேலமும் மண்டிக் கிடக்குமே, அந்தத் திட்டுதான். ஆறு காய்ந்து கிடந்ததால் நடந்தே போய்விடலாம். அங்கே வளைக்குள் ஒரு பெண் நரி மூன்று குட்டி போட்டிருந்தது, அதில் ஒன்று பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். குந்தவை மீன்கடை அப்சரிடம் மீன் தலையும் குடலும் வாங்கிக்கொண்டு போய் வைப்பாள், வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தாய் நரி முதலில் உறுமியதாம், அப்புறம் எடுத்துக்கொண்டு ஓடியதாம், லீவு முடிகிற சமயத்தில் இவள் இருக்கும்போதே குட்டிகளுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நானும் ஒருநாள் கூடப் போனேன், என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டியது. உங்க வயித்தப் பாத்து பயப்படுது தாத்தா என்றாள் உன் மகள். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள், எனக்கு மறுநாள் போர் மோட்டார் எரிந்துபோயிற்று.

மோட்டார் போனதால் குறுவை நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது, நான் தண்ணீருக்காகவே வானத்தையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மதகு திறந்து மூடுகிற ஆற்று லஸ்கர் செந்தில்குமார் போன் பண்ணி, தண்ணி ஆடுதுறை தாண்டிருச்சு மாமா, மதியத்துக்கு மேல உங்க ஊருக்கு வந்துரும் என்றான். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அதைக் கல்யாணச் சேதி போலச் சொன்னேன். ஆத்துல எல்லா இடத்துலயும் வருமா தாத்தா என்று குந்தவை கேட்டாள். நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே, இந்தத் தடவை கரையத் தொட்டுக்கிட்டு வரும் பாரு என்று பெருமை அடித்தேன். அவள் பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினாள். எதற்காகக் கேட்டாள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை, மேகலா. அப்சர் மகள் ஷமீராவோடு விளையாடப் போகிறாள், மத்தியானச் சோறும் அங்கேதான் என்று நினைத்தேன்.

மதியத்துக்கு மேல் ஊரே ஆற்றங்கரையில் நின்றது. முதல் தண்ணீருக்கு வழக்கம்போல உதிரிப் பூ, விதைநெல், சூடம் எல்லாம் தயாராக இருந்தது, இளவட்டங்கள் வெடி கொளுத்தினார்கள். நான் பூத்தட்டோடு முன் வரிசையில் நின்றேன், கல்யாணப் பெண்ணின் தகப்பன் மாதிரி. மேற்கே வளைவில் பழுப்பு நுரை தெரிந்தது, சருகையும் காலி பாட்டிலையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் ஷமீரா வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். தாத்தா, குந்தவ திட்டுல இருக்கா, குட்டியெல்லாம் முழுகிடும்னு ஓடுனா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா என்று சொல்லிவிட்டு அழுதாள்.

முதல் தண்ணீர் ஓடி வராது, நடந்துதான் வரும், அதனால் யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. ஆனால் மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது தண்ணீர் மூடிய பிறகு ஒருவனுக்கும் தெரியாது. போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு காளையே அப்படித்தான் போயிற்று. நான் கையில் தட்டோடு படித்துறையில் இறங்கிவிட்டேன். கரையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்து, துரைராசுக்குப் பக்தி முற்றிவிட்டது, ஆற்றுக்குள் போய் எதிர்கொண்டு கும்பிடப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ என் தலையிலும் பூவை எறிந்தார்கள். அண்ணே, எங்க நாத்தங்காலையும் ஆத்தாகிட்ட சொல்லிட்டு வாங்க என்று ஒருவன் கத்தினான். குழந்தை உள்ளே இருக்கு என்று நான் கத்தியது வெடிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. உன் அம்மா மட்டும் பாதிக் குலவையில் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

நம் கரைப் பக்கம்தான் ஆறு தாழ்வு, தண்ணீர் முதலில் அங்கேதான் ஓடும். நான் தாண்டும்போது கணுக்கால், திட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் முழங்காலுக்கு மேல் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. திரும்புகிற வழி போய்விட்டது. குந்தவை வளைக்குக் கொஞ்சம் தள்ளி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். கத்தாதீங்க தாத்தா, உக்காருங்க, நீங்க நின்னா அது வராது என்று அதட்டினாள், மேகலா, நீ சின்ன வயதில் அதட்டுவாயே அதே குரல். தாய் நரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வடகரைக்குப் போயிருக்கிறதாம், மற்ற இரண்டுக்குத் திரும்பி வருமாம். நரியாவது கிரியாவது என்று நான் அவளை இழுத்துக்கொண்டு வடக்கே நாலு அடி வைத்தேன், ஐந்தாவது அடிக்குத் தரை இல்லை. பள்ளத்தில் மார்பு வரை இறங்கிவிட்டேன், கால் ஊன்ற ஊன்ற மணல் சரிகிறது. நீச்சல் தெரிந்தவன்தான் நான், இந்த வயிறு வருவதற்கு முன்னால். அவள் ஒரு கையால் நாணலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எப்படியோ மேலே வந்து விழுந்தேன். அவளையும் கூட இழுத்துக்கொண்டு இறங்கியிருப்பேன்.

அது போற வழி மேடு தாத்தா, தினம் பாத்துருக்கேன், ஆனா தண்ணி மூடுனதும் எனக்கே தெரியல, அது வரட்டும், பின்னாடியே போயிடலாம் என்றாள். வராட்டி என்று கேட்டேன். வரும் என்றாள். திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. கரையில் இப்போது வெடி நின்றுவிட்டது, பெண்கள் கூப்பாடு கேட்டது, ஆட்கள் கயிறு கயிறு என்று ஓடினார்கள். படத்தில் என்றால் இந்த இடத்தில் ஒரு மியூசிக் வரும், பிழைத்துக்கொள்வார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். இங்கே தண்ணீர் நாணல் வேரை நக்குகிற சத்தம்தான். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வடக்கேயே பார்த்தேன். வரும் என்று சொன்னவள் கண் இமைக்கவில்லை, ஆனால் அவள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

வந்தது. நனைந்து குச்சி மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது எங்களைச் சுற்றிப் போய் வளையில் ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. நொண்டிக் குட்டி மட்டும் வளை வாசலில் ஈரத்தில் முனகிக்கொண்டு கிடந்தது. இன்னொரு தடவ வர்றதுக்குள்ள முழுகிடும் தாத்தா என்றாள். வேண்டாம், விடு, நாம் பிழைத்தால் போதும் என்றுதான் நான் சொன்னேன், பொய் சொல்ல மாட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன், அவள் குட்டியைச் சுற்றி என் கையில் கொடுத்தாள், அது உடனே என் மணிக்கட்டைக் கடித்தது. நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

நரி நேராகப் போகவில்லை, நீந்த வேண்டிய இடத்திலும் பழகிய மேட்டுத் தடத்திலேயே வளைந்து வளைந்து போயிற்று, அது போன தடத்திலேயே நாங்களும். குந்தவைக்குத் தண்ணீர் மார்பு வரை வந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டேன், மேலே இருந்தபடி இடது பக்கம் தாத்தா, இப்ப வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் நரி ஒரு நாணல் புதருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நான் நின்றுவிட்டேன். ஒரு காலைத் தூக்கினால் எங்கே வைப்பது என்று தெரியாது, நின்றால் தண்ணீர் ஏறுகிறது. அவள் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், தல தெரியுது தாத்தா, அந்தப் பக்கம் என்றாள். போனோம். வடகரை மண் காலில் பட்டபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நரி மூங்கில் தோப்புக்குள் போய்விட்டது. துண்டை விரித்துக் குட்டியை அதன் மேல் வைத்தோம். நிக்காதீங்க, நாம நின்னா வராது, திரும்பிப் பாத்தாலும் வராது என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். அதற்குள் அப்சர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு தன் மீன்கடை பைக்கில் வந்து சேர்ந்தார். அவர் முன்னால், குந்தவை நடுவில், நான் பின்னால். வண்டி கரை ரோட்டில் திரும்பும்போது நான் மட்டும் திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்தேன். வந்துச்சா என்று கேட்டாள், தலையைத் திருப்பாமலே. வந்துச்சு என்றேன். தூக்கிக்கிச்சா. தூக்கிக்கிச்சு, உள்ளே போயிடுச்சு. நெசமாவா தாத்தா என்றாள். நெசமாதான்டி தங்கம் என்றேன், நான் பார்த்தது நிஜம், மேகலா. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அத்தனை நேரமும் அழாதவள் வீடு வரும் வரை அப்சர் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். அவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, நீ நர்ஸ் என்பதால் நம்ப மாட்டாய் என்று ஆஸ்பத்திரியிலும் காட்டிவிட்டோம். ஊசி எனக்குத்தான். என்ன கடித்தது என்று கேட்டார்கள், நரி என்றேன், சீட்டு எழுதிய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாய்னே எழுதிக்கிறேன்யா என்றார். உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, சோற்றை மட்டும் போடுகிறாள், அதுவும் போதும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. நீ குந்தவையைத் திட்டாதே, திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு, எனக்குப் பழக்கம்.

ஆடி பிறந்ததும் வருகிறேன் என்று சொன்னாய், போன மாதம் பார்க்கலாம் என்றாய், இந்த மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலை இருக்கும், எனக்குப் புரிகிறது. குந்தவை ஒருநாளும் போனில் எப்போது வருகிறாய் என்று உன்னைக் கேட்டதில்லை, அதைக் கவனித்தாயா. நான் இப்போதுதான் கவனித்தேன். கேட்டால் வர மாட்டாய் என்று நினைத்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, டூட்டி முடிந்து வந்ததும் காலை உயர்த்தி வைத்துக்கொள். வரும்போது பொம்மை கிம்மை ஒன்றும் வாங்கி வராதே. தேதியை மட்டும் சொல். என்னிடம் வேண்டாம், அவளைக் கூப்பிட்டு அவளிடமே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
கு. துரைராசு
குத்தாலம் வட்டம்