நீலக் கிளி பேசிய தமிழ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று முதலாளியின் முந்நூறு பட்ஜி கிளிகளையும் புதுக் கூண்டுகளுக்கு மாற்றினேன். விரலெல்லாம் கொத்து; சிரிக்காதே. கடைசியாகப் பிடித்த நீலக் கிளி என் கைக்குள்ளிருந்தே, "ஐயா, கதவத் தொறங்க! ஐயா!" என்றது. நாலு மாதத்தில் என் காதில் விழுந்த முதல் தமிழ் அதுதான் அம்மா. ஆனால் பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு ஆள் கதறுவது போலவே அது கதறியது.

எனக்கு முன்பு கிளிகளைப் பார்த்துக்கொண்டவர் தமிழர். ஊருக்குப் போய்விட்டார் என்கிறார் முதலாளி. அவருடைய பெட்டியோ இன்னும் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அதிலிருந்த வீட்டு விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அண்ணனை அனுப்பி, அவர் வந்து சேர்ந்தாரா என்று விசாரிக்கச் சொல். உடனே பதில் போடு, ஒரு வரி போதும்.

என் அறைக்குக் கொண்டுவந்த நீலக் கிளியைக் கொடு என்று முதலாளி கதவைத் தட்டுகிறார். முடிக்கிறேன்.

உன் மகன்